முப்பது அங்குல மேடை

நாங்கள் கட்டப் போன பன்னிரண்டு வீடுகளுக்கும் கதவு ஒரே அளவு, ஜன்னல் ஒரே அளவு. சமையல் மேடை மட்டும் வீட்டுக்கு வீடு மாறும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எழுதப் போவது எல்லாம் இந்த மேடையைச் சுற்றித்தான் இருக்கிறது.

வீட்டுக்கு விண்ணப்பம் போடும்போது, அந்த வீட்டில் சமைப்பவர் யாரோ அவரை நிற்க வைத்து, கையை மடக்கச் சொல்லி, தரையிலிருந்து முழங்கை வரை அளப்பார்கள். அதில் நான்கு அங்குலம் கழித்தால் மேடையின் உயரம். விண்ணப்பத்தில் ‘சமைப்பவர்’ என்று ஒரு வரி இருக்கும். அங்கே பெயர், அளவு, கையெழுத்து. குறைந்த செலவில் கட்டுகிற வீடு என்றாலும் நிற்பவருக்கு முதுகு வலிக்கக் கூடாது என்று யாரோ ஒருவர் யோசித்துச் செய்த ஏற்பாடு. ஏழாம் எண் வீட்டின் தாளில் முப்பது அங்குலம் என்று இருந்தது. பன்னிரண்டு வீட்டிலும் அதுதான் குட்டை மேடை.

ஏழாம் எண் வீடு இஸ்திரி அண்ணனுடையது.

பள்ளிக்கூடம் முடித்து மூன்று மாதம் ஆகியிருந்தது எனக்கு. வீட்டில் எல்லோரும் “அடுத்து என்ன?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பத்து நாளாவது அந்தக் கேள்வி இல்லாமல் இருக்கலாம் என்றுதான் வீடு கட்டிக் கொடுக்கப் போகிற இந்தத் தொண்டுப் பயணத்துக்குப் பெயர் கொடுத்தேன். பதினோரு பேர் ஒரு பஸ்ஸில் போனோம். வீடுகளின் சுவரும் கூரையும் ஏற்கெனவே எழும்பியிருந்தன; மேடையும் பூச்சும்தான் எங்கள் வேலை. ஒரு பள்ளிக்கூடத்தின் கூடத்தில் பாய் விரித்துப் படுத்தோம். எங்களை அழைத்துப் போனவர் கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கும். சாப்பிட, எழுந்திருக்க, வரிசையில் நிற்க எல்லாவற்றுக்கும் ஊதுவார். அதனால் அவர் விசில் அக்கா. எங்களுக்கு வேலை சொல்லிக்கொடுத்த மேஸ்திரி அந்த விசிலைக் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்வார்.

“ஏம்மா, இது வீடு கட்டுற இடமா, பந்தய மைதானமா?” என்பார்.

வீடு கிடைக்கப் போகிறவர்களும் எங்களோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. இஸ்திரி அண்ணன் ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாகத் துணி தேய்க்கிறவர். நல்ல உயரம், ஒல்லி. அதிகாலை ஐந்து மணிக்கு அவருக்கு வேலை தொடங்கும். மதியம் ஒன்றுக்கு முடியும். இரண்டு மணிக்கெல்லாம் எங்களிடம் வந்துவிடுவார். வந்ததும் சட்டையைக் கழற்றி, மடித்து, மடித்த இடத்தை உள்ளங்கையால் ஒரு தடவை அழுத்தி, செங்கல் அடுக்கின் மேல் வைப்பார். அப்புறம் ஆறு மணி வரை அவர் வாயிலிருந்து ஐந்து வார்த்தை வந்தால் அதிகம்.

பூச்சு வேலையில் அவர் கரண்டியை இழுக்கிற விதத்தைப் பார்த்தாலே தொழில் தெரியும். மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. சுருக்கம் ஒன்றும் இருக்காது.

“அண்ணே, நல்லாத்தான் இருக்கு. மடிப்பு மட்டும் வெச்சிடாதீங்க” என்றார் மேஸ்திரி. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். இஸ்திரி அண்ணனும் சிரிக்கிற மாதிரி வாயைக் கொஞ்சம் அசைத்தார். அவ்வளவுதான்.

அவர் விரல் நுனிகளில் தோல் பளபளவென்று இருக்கும். ஒருநாள் டீ கொதிக்கிற பாத்திரத்தை அடுப்பிலிருந்து வெறுங்கையால் தூக்கி இறக்கினார். எங்கள் குழுவில் பேங்க்கில் கிளார்க்காக இருக்கிற ஒருவர் உண்டு. செங்கல் தூக்கியே இரண்டு கையிலும் கொப்புளம் வாங்கியவர். அவர் பதறிப்போனார்.

“அண்ணே, கை!”

“சூடு தெரியாது சார். ரொம்ப வருஷமா தெரியாது.”

ஏழாம் எண் வீட்டின் சமையல் மேடை எனக்கும் கிளார்க் சாருக்கும் வந்தது. மேடை என்றால் பெரிய வேலை இல்லை. இரண்டு பக்கமும் செங்கல் வைத்துக் குட்டைச் சுவர் எழுப்ப வேண்டும், அதன்மேல் கலவை போட்டு, வார்த்து வைத்திருக்கும் சிமெண்டுப் பலகையைத் தூக்கி வைக்க வேண்டும். மூன்றாம் நாள் தாளைப் பார்த்து, சுவரில் முப்பது அங்குலத்தில் பென்சிலால் கோடு போட்டேன். கோடு என் இடுப்புக்கும் கீழே வந்தது. சந்தேகமாக இருந்தது. இஸ்திரி அண்ணன் வந்ததும் கேட்டேன்.

“அண்ணே, உங்க வீட்டு அக்கா ஒருநாள் வந்து நின்னு பார்த்தா நல்லாருக்கும். உயரம் சரியான்னு தெரியணும்ல.”

அவர் கோட்டைப் பார்த்தார்.

“அவ வரமாட்டா.”

“வேலைக்குப் போறாங்களா?”

“அளவு சரிதான் தங்கச்சி. கட்டு.”

கட்டினோம். கோட்டுக்கு ஒரு நூல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மேஸ்திரி மட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, “பரவாயில்லையே, பேங்க்கு மூடினாலும் நீ பொழைச்சுக்குவே” என்று கிளார்க் சாரின் முதுகில் தட்டினார். ஐந்தாம் நாள் மதியம் ஆறு பேராகச் சேர்ந்து பலகையைத் தூக்கி வைத்தோம். எனக்குப் பெருமையாக இருந்தது. நான் என் கையால் கட்டிய முதல் பொருள் அது.

அன்றைக்கு நான்கு மணிக்கு இஸ்திரி அண்ணனின் அக்கா வந்தார். கூடவே அண்ணனின் மகள். பதினோரு வயதுப் பெண், ஆறாம் வகுப்பு. அவளை அத்தை ‘வாலு’ என்று கூப்பிட்டார். ஆனால் அவள் ஒரு சேட்டையும் செய்யாமல் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, கட்டிமுடிக்காத வீட்டுக்குள் மெதுவாக வந்தாள்.

“இதான் அம்மாவோட மேடையா?” என்று கேட்டாள்.

“ஆமா, உங்க அம்மாவுக்குன்னே கட்டினது. எங்கே அவங்க?” என்றேன்.

அத்தைதான் சொன்னார், கொஞ்சம் குரலைத் தாழ்த்தி.

“உனக்குத் தெரியாதாம்மா? போயி மூணு மாசம் ஆச்சு. ஆறு நாள் காய்ச்சல். அவ்ளோதான்.”

விண்ணப்பம் போட்டது போன வருடம். தாளில் இருப்பதைப் பார்த்துத்தான் நாங்கள் கட்டினோம். தாளில் அவர் இன்னும் உயிரோடு இருந்தார். பதினோரு பேரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை. கேட்ட ஒருத்தியும் தப்பாகக் கேட்டாள்.

இஸ்திரி அண்ணன் அந்த நேரம் அடுத்த அறையில் பூசிக்கொண்டிருந்தார். கரண்டி சுவரில் உரசுகிற சத்தம் நிற்கவே இல்லை.

அத்தை மேடையைத் தடவிப் பார்த்தார். பிறகு வாலுவைத் தோளைப் பிடித்து அதன் முன்னால் நிறுத்தினார்.

“கையை மடக்குடி.”

அவள் மடக்கினாள். முழங்கைக்குச் சரியாக நான்கு விரல் கீழே மேடை இருந்தது.

“பாருடா தம்பி, இங்கே வந்து பாரு! அளவெடுத்துத் தைச்ச சட்டை மாதிரி இருக்கு!”

கிளார்க் சார் கைதட்டினார். விசில் அக்கா போனை எடுத்து ஒரு படம் பிடித்தார். வாலுவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அம்மாவும் தன் உயரம்தான் என்று அவள் எல்லோரிடமும் சொன்னாள். இல்லாத கத்தியால் இல்லாத வெங்காயத்தை நறுக்கிக் காட்டினாள். அப்போது கரண்டிச் சத்தம் நின்றது. இஸ்திரி அண்ணன் வாசலில் வந்து நின்று பார்த்தார்.

“எனக்கு இப்பதான் மூச்சு வந்துச்சு” என்று அத்தை என்னிடம் சொன்னார். “நானும் எத்தனை நாளைக்கு என் வீட்டைப் போட்டுட்டு இங்கேயே கிடப்பேன்? அங்கே என் புருஷன் தினமும் போன்ல கத்துறாரு. இவன் நாலரைக்கே கிளம்பிடுறான். காலையில ஒரு வேளை, மதியம் ஒரு வேளை யார் பொங்கிப் போடுறது? இவ ஒரு வருஷம் பள்ளிக்கூடத்தை விட்டு நிக்கட்டும், கை பழகட்டும், அப்புறம் சேர்ந்துக்கலாம். என்ன, குடியா முழுகிடும்?”

அவர் கெட்டவர் இல்லை. சொல்லும்போதே வாலுவின் தலையிலிருந்து சிமெண்டுத் தூசியை ஊதிவிட்டுக்கொண்டிருந்தார். மூன்று மாதமாக அந்த வீட்டில் சோறு இருந்தது அவரால்தான்.

அவர்கள் போன பிறகு, தொட்டியில் கரண்டிகளைக் கழுவும்போது இஸ்திரி அண்ணனிடம் போய் நின்றேன்.

“மன்னிச்சிடுங்கண்ணே. அன்னிக்கு நான் தெரியாம கேட்டுட்டேன்.”

“என்ன கேட்டே?”

நிஜமாகவே அவருக்கு நினைவில்லை. சொன்னேன். தலையை ஆட்டினார். ஒரு கரண்டியைக் கழுவி முடித்து அடுத்ததை எடுத்தார். பிறகு, அவ்வளவு நாளும் பேசாதவர், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

அவர் மனைவியும் அதே சலவைக்கூடத்தில்தான் வேலை பார்த்தார். மடிக்கிற பிரிவு. அங்கே மேசை எல்லாம் உயரமானது, இவரைப் போன்ற ஆட்களுக்குப் போட்டது. மனைவி நான்கு அடி ஏழு அங்குலம். பதினான்கு வருடமும் ஒரு மரப்பெட்டியின் மேல் ஏறி நின்றுதான் மடித்தார். பெட்டியைத் தள்ளிக்கொண்டே மேசை மேசையாகப் போவார். விண்ணப்பத்தில் அளவெடுக்கிறார்கள் என்று தெரிந்ததும், மற்ற எதையும் பற்றி அவர் கேட்கவில்லை.

“‘என் வீட்டுலயாவது பெட்டி இல்லாம நிக்கணும்’னா. அது ஒண்ணுதான் கேட்டா.”

“அதனாலதான் சொல்லாம விட்டீங்களா அண்ணே?”

“அப்படியெல்லாம் இல்ல. சொல்லத் தோணல.” கரண்டியைத் திருப்பிக் கழுவினார். “ஒண்ணுமே தோணல. அவ அந்த ஆஸ்பத்திரியிலதான் கிடந்தா. அவ போன மறுநாள் அந்த வார்டு விரிப்பெல்லாம் எங்க மேசைக்குத்தான் வந்திருக்கும். நான் லீவு போடல. தேய்ச்சேன். அதுல அவ படுத்தது எதுன்னு எனக்குத் தெரியல.”

கரண்டிகளை வாங்கித் துடைத்து வைத்தேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நாங்கள் போனபோது, ஏழாம் எண் வீட்டுக்குள் இஸ்திரி அண்ணன் கடப்பாரையோடு நின்றுகொண்டிருந்தார். மனைவி இறந்தபோதுகூட லீவு எடுக்காதவர் அன்றைக்கு லீவு.

“இதை எடுத்துடலாம்” என்றார்.

மேஸ்திரி மேடையையும் கடப்பாரையையும் பார்த்தார். “என்னண்ணே, ராத்திரி கனவு கினவு கண்டீங்களா?”

“உயரத்தை ஏத்தணும். என் அளவுக்கு.”

விசில் அக்கா ஓடி வந்தார். இன்னும் நான்கு நாள்தான் இருக்கிறது, மூன்று வீட்டுக்குப் பூச்சே ஆரம்பிக்கவில்லை, முடிந்த வேலையை யாராவது கலைப்பார்களா என்று படபடவென்று சொன்னார். பிறகு கோப்பைத் திறந்து அந்தத் தாளை எடுத்தார்.

“இங்க பாருங்கண்ணே. இது நான் போட்ட சட்டம் இல்ல. அளவை மாத்தணும்னா, அளவு கொடுத்தவங்களே வந்து கையெழுத்துப் போட்டாத்தான்…”

பாதியில் நிறுத்திவிட்டார். விசிலைக் கையில் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். மேஸ்திரி குனிந்து, பலகைக்கும் செங்கலுக்கும் நடுவில் நகத்தால் கீறிப் பார்த்தார்.

“கலவை இன்னும் முழுசா இறுகல. இன்னிக்குன்னா பலகை அப்படியே கழண்டு வரும். நாளைக்குன்னா உடைக்கணும், புதுப் பலகை வார்க்கணும், அது காய ஒரு வாரம். எதுன்னாலும் இப்பவே சொல்லுங்க.”

அந்த நேரம் அத்தை மூச்சு வாங்க உள்ளே வந்தார். பின்னால் வாலு.

“வேலைக்குப் போகாம இந்தப் பக்கம் திரும்புறானே, என்னடா விஷயம்னு பின்னாலேயே வரேன். கையில என்னடா அது?”

இஸ்திரி அண்ணன் அக்காவைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தார்.

“ஏன் யூனிஃபார்ம் போடல?”

“அத்தை துணி ஊற வெச்சிருக்காங்கப்பா. துவைச்சுட்டு, அப்புறம் சமையல்…”

“நேத்து போனியா?”

“இல்லப்பா.”

“முந்தா நாள்?”

அவள் அத்தையைப் பார்த்தாள். இஸ்திரி அண்ணன் விசில் அக்காவின் பக்கம் திரும்பினார்.

“சமைப்பவர்னு ஒரு வரி இருக்குல்ல. அதுல என் பேரைப் போடுங்க.”

“உன் பேரா?” அத்தை இடுப்பில் கை வைத்தார். “உனக்கு வெந்நீர் வைக்கத் தெரியுமாடா?”

“தெரியாது.”

“அப்புறம்?”

“மூணு மணிக்கு எந்திரிச்சா தெரிஞ்சிடும்.”

“பைத்தியக்காரா! அவ ஆசைப்பட்டுக் கேட்டது இது ஒண்ணுதானேடா. எந்தக் கையால இதை எடுப்பே? பொண்ணு நிக்கிறா, சரியா இருக்கு. அவளே சந்தோஷமாத்தானே நிக்கிறா!”

“அதான் பயமா இருக்கு.”

அவர் குரல் ஏறவே இல்லை. டேப்பில் அளவு படிக்கிற மாதிரிதான் சொன்னார்.

“பதினாலு வருஷம் பார்த்தாச்சு அக்கா. மேசை எந்த உயரத்துல இருக்கோ, அதுக்கு ஏத்த ஆளைத்தான் அங்க நிறுத்துவாங்க. இது இப்படியே இருந்தா நாளைக்கும் இவதான் நிப்பா. நீ சொல்லாட்டியும் நிப்பா. நானும் பார்த்துட்டு சும்மா இருப்பேன். எனக்கு இப்ப எதுவும் தெரிய மாட்டேங்குது. அதனால என்னை நம்பி விடாதே. மேடையை ஏத்திடு.”

அத்தை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்ச் செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்தார்.

விசில் அக்கா பேனாவை எடுத்தார். ‘சமைப்பவர்’ வரியில் இருந்த பெயரை அடிக்கத் தயங்கி, அதை அப்படியே விட்டு, பக்கத்தில் இருந்த சின்ன இடத்தில் நெருக்கி அண்ணனின் பெயரை எழுதினார். நான் டேப்பைப் பிடித்தேன். அண்ணன் கையை மடக்கி நேராக நின்றார். நாற்பத்திரண்டு அங்குலம். நான்கு போனால் முப்பத்தெட்டு.

“எட்டு அங்குலம். ரெண்டு வரிசைக் கல்லு” என்றார் மேஸ்திரி. “விசிலம்மா, இப்ப ஊதுங்க. இதுக்கு ஊதினா ஒரு அர்த்தம் இருக்கு.”

அவர் ஊதினார். ஆறு பேர் பலகையைப் பிடித்தோம். இஸ்திரி அண்ணன் நடுவில் கடப்பாரையை விட்டு ஒரு நெம்பு நெம்பினார். ஈரக் கலவை விடுகிற சத்தத்தோடு பலகை எழும்பி வந்தது. கிளார்க் சார் விரலை நசுக்கிக்கொண்டு, “எனக்குச் சூடும் தெரியுது, வலியும் தெரியுதுய்யா” என்று கத்தினார். யாரோ சிரித்தார்கள். பலகையைச் சுவரோரம் சாய்த்தோம். பழைய கலவையைச் சுரண்டி எடுத்துவிட்டு, நானும் கிளார்க் சாரும் இரண்டு வரிசை ஏற்றினோம். நான் போட்ட பென்சில் கோடு சுவரில் அப்படியேதான் இருந்தது. மூன்று நாள் கழித்துப் பூச்சு வேலையில் அதுவும் போனது. அந்தச் சுவரைப் பூசியது இஸ்திரி அண்ணன். மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. கோடு இருந்த இடத்தில் கை நின்றதா என்று கவனித்தேன். நிற்கவில்லை.

பத்தாம் நாள், வேலை முடிந்த வீடுகளுக்குச் சாவி கொடுத்தார்கள். மதியம் எங்கள் பஸ். ஏழாம் எண் வீட்டில் இஸ்திரி அண்ணன் எங்களுக்கு டீ போட்டார். முப்பத்தெட்டு அங்குல மேடைக்கு முன்னால் முதுகு வளையாமல் நின்றார், வேலையிடத்தில் நிற்கிற மாதிரியே. பால் பொங்கி வழிந்தது. சர்க்கரையை இரண்டு தடவை போட்டுவிட்டார்.

அத்தை ஒரு வாய் குடித்தார். “டீ எங்கடா இதுல? வெறும் சர்க்கரைத் தண்ணியை ஊத்திக் கொடுத்திருக்கே” என்றார். ஆனாலும் குடித்து முடித்தார். அவர் அடுத்த வாரம் கிளம்புவதாக இருந்தது.

அப்போது வாலு வெளியிலிருந்து எதையோ தரையில் இழுத்துக்கொண்டு வந்தாள். ஒரு மரப்பெட்டி. மூலைகள் தேய்ந்து, மேல்பலகை நடுவில் கொஞ்சம் குழிந்திருந்தது. சலவைக்கூடத்திலிருந்து வீட்டுக்கு வந்திருந்த பெட்டி. மேடைக்கு முன்னால் அதைப் போட்டு ஏறினாள். உயரம் சரியாக இருந்தது.

“இப்ப எட்டுதுப்பா” என்றாள்.

இஸ்திரி அண்ணன் அடுப்பை அணைத்தார். அவளை இரண்டு கையாலும் தூக்கிக் கீழே இறக்கினார். பெட்டியை எடுத்து வாசலுக்குக் கொண்டுபோய் மேஸ்திரியிடம் கொடுத்தார்.

“எட்டாம் நம்பர் வீட்டுல மேல பூசணும்னீங்கல்ல. ஏறி நிக்கத் தோதா இருக்கும்.”

மேஸ்திரி பெட்டியைத் தட்டிப் பார்த்தார். “நல்ல மரம்ணே. அண்ணியோடதா?”

“ஆமா.”

“வேலை முடிஞ்சா திருப்பித் தரேன்.”

“வேணாம்.”

மேஸ்திரி அதைத் தோளில் வைத்துக்கொண்டு போனார். வாலு வாசல் வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். அழவில்லை. அப்பாவின் பக்கத்தில் வந்து நின்றாள். இப்போது மேடை அவள் நெஞ்சு வரை இருந்தது.

“நாளைக்கு ஸ்கூலுக்கு என்ன கட்டித் தருவே?” என்று கேட்டாள்.

“தெரியல. ஏதாவது.”

அவர் பாத்திரத்தைக் கழுவி, மறுபடி பால் ஊற்றி, அடுப்பை மூட்டினார். முதல் டீ சரியில்லை, இன்னொரு தடவை போடுகிறேன் என்றார். கொதித்ததும் வெறுங்கையால் இறக்கப் போனார். வாலு அதற்குள் ஒரு கைத்துணியை நீட்டினாள். துணி அவருக்குத் தேவையில்லை என்று அவளுக்குத் தெரியும். அவர் ஒரு நொடி அதைப் பார்த்தார். வாங்கி, நான்காக மடித்து, மடித்த இடத்தை உள்ளங்கையால் அழுத்தி, பிறகு அதால் பிடித்துப் பாத்திரத்தை இறக்கினார்.

வெளியே விசில் கேட்டது. இரண்டாவது டீயிலும் சர்க்கரை அதிகம்தான். நின்றபடியே குடித்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போனோம்.